நர்சிங் இன்டர்வியூ சொதப்பிவிட்டதா? அன்று மாலையிலிருந்து அடுத்த இன்டர்வியூ வரை

எனக்கு அப்போது பதினேழு வயது. வியாசர்பாடி வீடு, தமிழ் மீடியம், பிளஸ் 2 உயிரியலில் நல்ல மார்க். நகரத்துக்குள் ஒரு நர்சிங் கல்லூரியில் இன்டர்வியூ. கல்லூரிப் பெயர் இங்கே தேவையில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் இருந்த மேடம், "நார்மலா பல்ஸ் எவ்வளவு இருக்கணும்மா?" என்று கேட்டார். புத்தகத்தில் எங்கோ பார்த்த ரத்த அழுத்தத்தின் 120/80 மட்டும் மண்டையில் ஓடியது. "ஒன் ட்வென்டி மேடம்" என்றேன். "ஷ்யூரா?" என்றார். "ஷ்யூர் மேடம்" என்றேன், இன்னும் சத்தமாக. "சரி, உன் கையிலயே எண்ணிக் காட்டு" என்றார். கட்டை விரலை மணிக்கட்டில் வைத்து எண்ணினேன். பாதியில் எண்ணிக்கை தப்பியது. தப்பியதைச் சொல்லாமல் வாய்க்கு வந்த ஒரு எண்ணைச் சொன்னேன்.

வெளியே வேப்பமரத்தடியில் அப்பா நின்றிருந்தார். 29சி பஸ்ஸில் பெரம்பூர் வந்து இறங்கும் வரை இருவரும் பேசவில்லை. இடம் கிடைக்கவில்லை.

அதன் பிறகு வேறொரு மருத்துவமனையின் பள்ளியில் டிப்ளமோ சேர்ந்து, வார்டில் வேலை பார்த்து, டிப்ளமோ முடித்தவர்களுக்கான போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. முடித்து, இப்போது சென்னையில் நர்சிங் ஆசிரியையாக இருக்கிறேன். சேர்க்கைக் காலத்தில் சில வருடங்கள் மேசையின் அந்தப் பக்கமும் உட்கார்ந்திருக்கிறேன். அங்கே உட்கார்ந்த பிறகுதான் ஒன்று புரிந்தது. அன்று என்னைக் கவிழ்த்தது 120 என்ற எண் இல்லை. "ஷ்யூர் மேடம்" என்ற வார்த்தை. பல்ஸ் எவ்வளவு என்பதை முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுத்துவிடலாம். தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்லும் பழக்கத்தோடு ஒரு பிள்ளை வார்டுக்குள் போய் மருந்தின் அளவு விஷயத்திலும் அப்படியே செய்தால், படுக்கையில் இருப்பவர் உயிர் அதற்குக் கணக்குச் சொல்லும். பேனலில் இருப்பவர்கள் பயப்படுவது அதற்குத்தான்.

இன்டர்வியூ கெட்டுப்போய், இதைப் படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கும் அதன் வீட்டாருக்கும் நான் சொல்ல வருவது இதை ஒட்டித்தான். ஒவ்வொரு படியாகப் போவோம்.

அன்று மாலை

வீட்டுக்கு வந்ததும் குளித்துச் சாப்பிடுங்கள். பெரும்பாலான பிள்ளைகள் காலையிலிருந்து ஒரு டீயோடு இருந்திருப்பார்கள். வெறும் வயிற்றில் எடுக்கும் எந்த முடிவும் நல்ல முடிவாக இருக்காது. "இனி நர்சிங்கே வேண்டாம், ஏதாவது பி.காம். போடறேன்" என்று அன்றிரவே சொல்லிவிட்டு, மறுவாரம் வருந்திய பிள்ளைகளை எனக்குத் தெரியும். அன்றைக்கு எந்த முடிவும் எடுக்காதீர்கள்.

அம்மா அப்பாவுக்கு ஒரு வார்த்தை. "என்ன கேட்டாங்க, நீ என்ன சொன்ன, அதுக்கு இப்படிச் சொல்லியிருக்கக் கூடாதா?" என்று வாசலிலேயே ஆரம்பிக்காதீர்கள். "சாப்பிட்டியாடா கண்ணு" போதும். அத்தை, பெரியப்பா, பக்கத்து போர்ஷன் அக்கா எல்லோருக்கும் அன்றே போன் போட்டுச் சொல்ல வேண்டிய விஷயமும் இது இல்லை. பிள்ளைக்கு அவமானமாகத் தெரிவது தோல்வியைவிட, அந்தத் தோல்வி தெரு முழுக்கப் பேசப்படுவதுதான்.

இரண்டு மூன்று நாள் ஆகியும் தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, உயிரோடு இருந்து என்ன பயன் என்கிற மாதிரிப் பேச்சு வருகிறது என்றால் பிள்ளையைத் தனியாக விடாதீர்கள். தமிழக அரசின் 104 சுகாதார உதவி எண், மனநல ஆலோசனைக்கான 14416 டெலிமானஸ், இரண்டுமே கட்டணமில்லாதவை, தமிழிலேயே பேசலாம். இதற்குப் போன் செய்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நாளைக்கு நர்ஸாக நின்று நீங்களே பத்துப் பேருக்கு இந்த எண்ணைக் கொடுப்பீர்கள்.

படுக்கும் முன் எழுதிவிடுங்கள்

சாப்பிட்ட பிறகு அரை மணி நேரம் ஒதுக்கி, ஒரு நோட்டில் இன்டர்வியூவை அப்படியே எழுதுங்கள். கேட்ட கேள்வி, அவர்கள் பேசிய அதே வார்த்தையில். நான் சொன்ன பதில், திருத்தாமல். அதற்குப் பிறகு அவர்கள் செய்தது: அடுத்த கேள்விக்குப் போனார்களா, அதையே துருவினார்களா, எழுதினார்களா. அவ்வளவுதான். "நான் உளறினேன்", "மேடத்துக்கு என்னைப் பிடிக்கவில்லை" போன்ற வரிகள் வேண்டாம்.

ஏன் அன்றிரவே? மூன்றாம் நாள் ஆகிவிட்டால் மனசு கதையை மாற்றிவிடும். நடந்தது போய், பயந்தது மட்டும் நிற்கும்.

வார்டில் நோயாளியைப் பற்றிக் குறிப்பெழுதக் கற்றுக்கொடுக்கும்போதும் இதைத்தான் சொல்வோம். "நோயாளி கோபமாக இருக்கிறார்" என்று எழுதாதே. "காலைச் சாப்பாட்டைத் தள்ளிவிட்டார், கேள்விக்குப் பதில் சொல்லவில்லை" என்று எழுது. பார்த்ததை எழுது, நினைத்ததை எழுதாதே. உங்கள் முதல் நர்ஸிங் குறிப்பு உங்களைப் பற்றியே இருக்கட்டும்.

எழுதி முடித்துப் படித்தால், நீங்கள் பயந்ததில் பாதி, பேனலின் வழக்கமான வேலை என்று தெரியும். மேடம் நிமிர்ந்தே பார்க்கவில்லை என்றால் மார்க் போட்டுக்கொண்டிருந்தார். பதில் முடியும் முன்பே நிறுத்தினார்கள் என்றால் வெளியே இன்னும் அறுபது பேர் காத்திருந்தார்கள். சிரிக்கவில்லை என்றால், காலை எட்டு மணியிலிருந்து ஒரே கேள்வியைக் கேட்டுக் கேட்டு அவர்களுக்கு முதுகு வலி. நாங்கள் நல்ல மார்க் போட்ட பிள்ளைகள் அழுதுகொண்டே வெளியே போவதை நான் பார்த்திருக்கிறேன். கூப்பிட்டுச் சொல்லவும் முடியாது.

உண்மையிலேயே தப்பான இடங்களும் இருக்கும். அவற்றைச் சிவப்பு மையில் வட்டமிடுங்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரே வார்த்தையில் காரணம் எழுதுங்கள்: தெரியவில்லை, ஆங்கிலம் வரவில்லை, பதற்றம், பொய் சொன்னேன், யோசித்ததே இல்லை, சர்டிபிகேட் இல்லை. பதற்றம் என்று நீங்கள் நினைக்கும் பல இடங்களில் உண்மைக் காரணம் "யோசித்ததே இல்லை" என்பதாக இருக்கும். யோசித்த விஷயத்தைப் பதற்றத்திலும் நாலு வரி சொல்லிவிடலாம்.

இந்த இன்டர்வியூவின் எடை என்ன?

இதைப் பலர் பார்ப்பதே இல்லை. தமிழ்நாட்டில் பி.எஸ்சி. நர்சிங் அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்கு இன்டர்வியூ என்பதே கிடையாது. மருத்துவக் கல்வி இயக்ககத்தின் கீழ் கீழ்ப்பாக்கத்தில் இயங்கும் தேர்வுக் குழு விண்ணப்பம் வாங்கி, பிளஸ் 2 மார்க்கை வைத்துத் தரவரிசைப் பட்டியல் போட்டு, கலந்தாய்வு நடத்தி இடம் ஒதுக்கும். அரசுக் கல்லூரி இடங்களும், தனியார் கல்லூரிகள் அரசுக்கு விட்டுக்கொடுத்த இடங்களும் இதில் வரும். நீங்கள் அதற்கும் விண்ணப்பித்திருந்தால், தனியார் கல்லூரி அறையில் நடந்தது அந்தப் பட்டியலை ஒரு மயிரிழைகூட அசைக்காது.

இன்டர்வியூ எடை போடப்படுவது வேறு இடங்களில். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள், டிரஸ்டும் மிஷனும் நடத்தும் மருத்துவமனைக் கல்லூரிகள் போன்றவற்றில் கல்லூரிக்குக் கல்லூரி முறை மாறும். சில இடங்களில் இன்டர்வியூ என்ற பெயரில் நடப்பது சர்டிபிகேட் சரிபார்ப்பும் கட்டணப் பேச்சும்தான். சில இடங்களில் எழுத்துத் தேர்வு, மார்க், இன்டர்வியூ மூன்றையும் கூட்டிப் பட்டியல் போடுவார்கள். ராணுவ நர்சிங் கல்லூரிகளில் பெண்களுக்கு நீட் மதிப்பெண்ணுக்குப் பிறகு கணினித் தேர்வு, உளவியல் சோதனை, இன்டர்வியூ, மருத்துவப் பரிசோதனை என்று வரிசையாக இருக்கிறது.

ஆக, புராஸ்பெக்டஸை எடுத்து, இன்டர்வியூவுக்கு எத்தனை மார்க் என்று பாருங்கள். அதில் இல்லையென்றால் அலுவலகத்தில் ஒருமுறை மரியாதையாகக் கேட்கலாம். நூற்றில் பத்து மார்க் இன்டர்வியூவுக்கு என்றால், நீங்கள் நினைக்கிற அளவுக்குக் கவிழ்ந்திருக்க மாட்டீர்கள்.

கடிதம் எழுதலாமா?

பெரும்பாலும் வேண்டாம். "இன்னொரு வாய்ப்புக் கொடுங்கள்" என்று வரும் கடிதங்களைப் படித்து யாரும் முடிவை மாற்றி நான் பார்த்ததில்லை. கவுன்சிலர், எம்.எல்.ஏ. வீட்டு ஆள், டிரஸ்டியின் டிரைவர் என்று சிபாரிசு பிடித்து வருவது அதைவிட மோசம். பிள்ளையின் பெயர் பேனலின் நினைவில் நிற்கும். நிற்கக் கூடாத காரணத்துக்காக நிற்கும்.

எழுத வேண்டிய சந்தர்ப்பம் இரண்டுதான். ஒன்று, தகவல் தவறாகப் போயிருந்தால்: மார்க், படித்த பள்ளி, சாதிச் சான்றிதழ் விவரம் போன்றவற்றை மாற்றிச் சொல்லியிருந்தால், அல்லது அன்று காட்ட முடியாத சர்டிபிகேட் இப்போது கையில் இருந்தால். இரண்டு, அன்று உங்களுக்கு உண்மையிலேயே காய்ச்சல் அடித்திருந்தால், அல்லது வீட்டில் ஒரு சாவு விழுந்திருந்தால். அப்போதும் ஐந்து வரிக்கு மேல் போக வேண்டாம். இப்படி இருந்தால் போதும்:

"மதிப்பிற்குரிய முதல்வர் அவர்களுக்கு, வணக்கம். கடந்த செவ்வாய்க்கிழமை பி.எஸ்சி. நர்சிங் இன்டர்வியூவுக்கு வந்திருந்தேன். என் விண்ணப்ப எண் இது. வேதியியல் மதிப்பெண்ணை அன்று பதற்றத்தில் தவறாகச் சொல்லிவிட்டேன். சரியான மதிப்பெண் உள்ள சான்றிதழின் நகலை இத்துடன் இணைத்துள்ளேன். திருத்திக்கொள்ளும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்."

அலுவலகத்தில் நேரில் கொடுத்தால் நகலில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள். மெயில் என்றால் புராஸ்பெக்டஸில் உள்ள முகவரிக்கு மட்டும். மேடத்தின் சொந்த வாட்ஸ்அப் எண்ணைத் தேடிப் பிடித்து அனுப்பாதீர்கள்.

"ஏன் நர்சிங்?" என்ற கேள்வி

சிவப்பு வட்டத்தில் இது கட்டாயம் இருக்கும். நூறு பேரில் பெரும்பாலோர் சொல்லும் பதில் ஒன்றே: "சேவை செய்யணும் மேடம்." பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அடுத்த கேள்வி "சேவைன்னா என்னம்மா?" என்று வரும்; அங்கே பேச்சு நின்றுவிடும்.

சில வருடம் முன்னால் ஒரு பெண் என்னிடம் பயிற்சிக்கு வந்தாள். கண்ணகி நகர் பக்கம் வீடு. ஒரு இன்டர்வியூவில் இதே பதிலைச் சொல்லி, இதே இடத்தில் நின்றுபோனவள். "உன் வீட்டுல யாரையாவது நீ பார்த்துக்கிட்டிருக்கியா?" என்று கேட்டேன். "ஆயா பக்கவாதம் வந்து படுத்திருந்துச்சு டீச்சர், ரெண்டு வருசம். நான்தான் பார்த்துக்கிட்டேன். அதெல்லாம் இன்டர்வியூல சொல்லுவாங்களா?" என்றாள்.

மேலே சொல்லு என்றேன். ஆயாவின் இடுப்புக்குக் கீழே சிவப்பாக ஒரு தடம் வந்ததை இவள்தான் முதலில் பார்த்திருக்கிறாள். வீட்டுக்கு வந்த சுகாதாரப் பணியாளர் அக்கா, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்கணும் என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார். இவள் பள்ளிக்கூடம் போகும் நேரத்துக்குப் பக்கத்து வீட்டு அக்காவிடம் முறை சொல்லிவிட்டு, சாயந்தரம் வந்ததும் நோட்டில் நேரம் எழுதி வைத்திருக்கிறாள். இடது பக்கம், நேராக, வலது பக்கம். படுக்கைப் புண் ஆகவில்லை. அந்த நோட்டு இன்னும் வீட்டில் இருக்கிறது என்றாள்.

இதைவிட நல்ல பதிலை எந்தக் கோச்சிங் சென்டரும் எழுதித் தர முடியாது. அவள் அடுத்த இன்டர்வியூவில் "சேவை" என்ற வார்த்தையே பேசவில்லை. ஆயாவின் முதுகைப் பற்றிப் பேசினாள்.

உங்கள் வாழ்க்கையிலும் இப்படி ஒன்று இருக்கும். தங்கச்சிக்குக் காய்ச்சல் வந்தபோது இரவு முழுக்க ஈரத்துணி வைத்தது, அம்மாவுக்குச் சுகர் மாத்திரையை நேரம் பார்த்து எடுத்துக் கொடுத்தது, எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரி வராண்டாவில் ஒரு ராத்திரி உட்கார்ந்திருந்தபோது டியூட்டி சிஸ்டர் செய்த ஒரு காரியம் கண்ணில் நின்றது. யாரை, எப்போது, என்ன செய்தீர்கள், அதில் எது கடினமாக இருந்தது என்று ஒரு நிமிடத்துக்குள் சொல்லப் பழகுங்கள். இல்லாததைப் புனையாதீர்கள். துருவிக் கேட்டால் இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும்.

வீட்டில் வேலை தேவை, சம்பளம் தேவை என்பதும் காரணம்தான். அதை மறைக்க வேண்டாம். "படிச்ச உடனே வேலை கிடைக்கும், வீட்டுக்கு உதவும், அதோட இந்த வேலை எனக்கு வரும்னு ஆயாவைப் பார்த்துக்கும்போது தெரிஞ்சது" என்று சொன்னால் எந்தப் பேனலும் முகம் சுளிக்காது. "எம்.பி.பி.எஸ். கிடைக்கலையா, அதனால இங்க வந்தியா?" என்று கேட்டாலும் உண்மையைச் சொல்லலாம். கூடவே இரண்டு வேலைக்கும் உள்ள வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும். டாக்டர் ரவுண்ட்ஸ் வந்து போன பிறகு, மீதி நேரம் முழுக்க நோயாளியோடு இருப்பது நர்ஸ்தான். மூச்சு மாறுவதை, பேச்சு குழறுவதை முதலில் கவனிப்பதும் அவர்தான். இது உங்களுக்குப் புரிந்திருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள்.

தெரியாததைத் தெரியாது என்று சொல்வது

இதைப் பழக வேண்டும், தானாக வராது. நம் பள்ளிக்கூடங்களில் "தெரியாது சார்" என்றால் பெஞ்சு மேல் ஏற வேண்டியிருந்தது. அதனால் ஏதாவது ஒன்றைச் சொல்லித் தப்பிக்கப் பழகிவிட்டோம்.

வாக்கியம் இதுதான்: "இது எனக்குத் தெரியலை மேடம். இவ்வளவு வரைக்கும் தெரியும்." முதல் பாதியோடு நிறுத்தினால் கதவைச் சாத்துவது போல இருக்கும். இரண்டாவது பாதி முக்கியம். பல்ஸ் கேள்விக்கு நான் அன்று, "எண்ணிக்கை சரியா ஞாபகம் இல்லை மேடம், மணிக்கட்டுல ஒரு நிமிஷம் எண்ணணும்னு தெரியும்" என்று சொல்லியிருந்தால் போதும். தவறாகச் சொல்லிவிட்டது பாதியில் உறைத்தால், "மன்னிக்கணும் மேடம், இப்ப சொன்னது தப்பு" என்று அங்கேயே திருத்துங்கள். மருந்து மாற்றிக் கொடுத்துவிட்ட நர்ஸ் உடனே வந்து சொல்வாரா, மறைப்பாரா என்பதை நாங்கள் அதில்தான் பார்க்கிறோம்.

படிக்க வேண்டிய கொஞ்சம்

நர்சிங் பாடத்தையே முன்கூட்டிப் படித்து வர வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. பெரியவர்களுக்கு ஓய்வில் இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 60 முதல் 100. மூச்சு 12 முதல் 20. உடல் வெப்பம் 98.6 பாரன்ஹீட், அதாவது 37 செல்சியஸ். ரத்த அழுத்தம் 120/80. பல்ஸ் பார்க்க ஆள்காட்டி விரலும் நடுவிரலும் வைக்க வேண்டும். கட்டை விரலிலேயே துடிப்பு இருப்பதால் அது ஏமாற்றும். வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். உப்புக் கரைசலின் பெரிய பாக்கெட் ஒரு லிட்டர் தண்ணீருக்கு. சோப்புப் போட்டுக் கை கழுவ 40 முதல் 60 விநாடி. இவற்றை மனப்பாடம் செய்வதைவிட வீட்டில் நாலு பேருக்குப் பல்ஸ் எண்ணிப் பாருங்கள். மாடிப்படி ஏறி வந்த தம்பிக்கு ஒருமுறை, அவன் உட்கார்ந்து பத்து நிமிடம் கழித்து ஒருமுறை. அதற்குப் பிறகு யாராலும் உங்களிடமிருந்து அந்த எண்ணைப் பிடுங்க முடியாது.

பொது அறிவில், ஊர் விஷயம் தெரிந்திருந்தால் நல்லது. தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தைப் பற்றிக் கேட்பார்கள்: வீடு தேடிப் போய் சுகர், பிரஷர் மாத்திரை கொடுப்பது, பிசியோதெரபி, படுக்கையாகிவிட்டவர்களுக்கான ஆதரவுச் சிகிச்சை. சென்ட்ரல் ரயில் நிலையம் எதிரே உள்ள பெரிய ஆஸ்பத்திரி 1664-ல் கோட்டைக்குள் தொடங்கியது, 1871-ல் அங்கே நர்சிங் பயிற்சி ஆரம்பமானது என்பதும் தெரிந்திருந்தால், இந்த ஊரில் இந்த வேலைக்கு எவ்வளவு பழைய வேர் இருக்கிறது என்ற எண்ணம் உங்களுக்கே ஒரு நிமிர்வு தரும். மே 12 ஏன் செவிலியர் தினம் என்றால், 1820-ல் ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் பிறந்த நாள் அது. நீங்கள் போகும் கல்லூரியின் மருத்துவமனை பற்றியும் நாலு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள். எத்தனை படுக்கை, எந்தச் சிகிச்சைக்குப் பேர்போனது என்பது போல.

ஆங்கிலம்

தமிழ் மீடியம் பிள்ளைகள் இங்கேதான் உடைந்துபோகிறார்கள். எனக்கு நன்றாகத் தெரியும். இரண்டு காரியம் செய்யுங்கள். பெயர், ஊர், குடும்பம், படிப்பு, ஏன் நர்சிங் ஆகியவற்றுக்கு எளிய ஆங்கிலத்தில் ஐந்தாறு வாக்கியம் நீங்களே எழுதி, சொல்லிப் பழகுங்கள். இன்டர்நெட்டில் இருக்கும் பெரிய வார்த்தைகளை மனப்பாடம் செய்தால் நடுவில் ஒன்று மறந்ததும் மொத்தமும் போய்விடும். அதற்கு மேல் கேள்வி போனால், "மே ஐ ஆன்சர் இன் தமிழ், மேடம்?" என்று கேளுங்கள். பல பேனல்கள் சரி என்பார்கள். மறுத்தால், தெரிந்த ஆங்கிலத்தில் மெதுவாகப் பேசுங்கள். இலக்கணப் பிழைக்காக ஒரு நல்ல பிள்ளையை விட மனசு வராது. வாயே திறக்காத பிள்ளையைத்தான் எங்களால் எதுவும் செய்ய முடிவதில்லை.

பழகுவது

கண்ணாடி முன்னால் பேசிப் பழகு என்பார்கள். அதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. கண்ணாடி திருப்பிக் கேள்வி கேட்காது. தெருவில் ஒரு ஸ்டாஃப் நர்ஸ் அக்காவோ, உங்கள் உயிரியல் டீச்சரோ, பார்மசி அண்ணனோ இருப்பார். பதினைந்து நிமிடம் கேளுங்கள். வெளியே நின்று, கதவைத் தட்டி, அனுமதி கேட்டு உள்ளே போவதிலிருந்து செய்யுங்கள். போனில் ரெக்கார்ட் செய்து கேட்டுப் பாருங்கள். பெரும்பாலோருக்குத் தெரியவருவது, தாங்கள் மிக வேகமாகப் பேசுகிறோம் என்பது. கேள்வி முடிந்ததும் ஒரு மூச்சு விட்டுவிட்டு ஆரம்பிக்கப் பழகினாலே பாதி சரியாகிவிடும்.

ரத்தத்தைப் பார்த்தால் பயமா, நைட் டியூட்டி செய்வாயா, ஆண் நோயாளியைக் குளிப்பாட்டுவாயா, கல்யாணத்துக்குப் பிறகு வேலையை விட்டுவிடுவாயா என்ற கேள்விகளை வீட்டில் முன்கூட்டிப் பேசிவிடுங்கள். அப்பாவுக்கு நைட் டியூட்டி பிடிக்காது என்பதைப் பேனல் முன்னால்தான் முதல்முறையாகக் கண்டுபிடித்த பிள்ளைகள் உண்டு. பையன்களிடம் "பொம்பளைங்க வேலைக்கு ஏன் வந்த?" என்று இன்றும் சிலர் கேட்கிறார்கள். கோபப்படாமல், வார்டில் செய்யப்போகும் வேலையைப் பற்றிச் சொல்லுங்கள்.

மற்ற கதவுகளைத் திறந்து வையுங்கள்

ஒரு கல்லூரியின் முடிவுக்காக மற்ற கடைசித் தேதிகளை விட்டுவிடாதீர்கள். பி.எஸ்சி. நான்கு வருடம். இந்திய நர்சிங் கவுன்சில் விதிப்படி இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் படித்து 45 சதவீதம் வேண்டும், எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்கு 40. சேரும் வருடம் டிசம்பர் 31-க்குள் 17 வயது நிறைந்திருக்க வேண்டும். அது கைகூடாவிட்டால் ஜி.என்.எம். (ஜெனரல் நர்சிங் அண்ட் மிட்வைஃபரி) டிப்ளமோ மூன்று வருடம். முடித்து நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்த பிறகு போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. இரண்டு வருடம். நான் போன வழி அதுதான். வார்டில் டிகிரியையும் டிப்ளமோவையும் நோயாளி பார்ப்பதில்லை. ஆசிரியப் பணிக்கும் மேற்படிப்புக்கும் டிகிரி வேண்டும், அதைப் பின்னால் வாங்கிக்கொள்ளலாம்.

அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை படித்த பெண்களுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வருகிறது. பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன். குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் அந்தச் சான்றிதழை இப்போதே வாங்கி வையுங்கள்.

இன்டர்வியூ சொதப்பிய பிள்ளைகளின் வீட்டைத்தான் ஏஜென்ட்கள் தேடி வருவார்கள். "அக்கா, சீட் கன்ஃபார்ம், அட்வான்ஸ் மட்டும் போடுங்க" என்பார்கள். கொடுக்காதீர்கள். கல்லூரி இந்திய நர்சிங் கவுன்சிலிலும் மாநில நர்சிங் கவுன்சிலிலும் அங்கீகாரம் பெற்றதா, பி.எஸ்சி. என்றால் எந்தப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது என்று நீங்களே பாருங்கள். அரசு, தனியார் கல்லூரிகள் பெரும்பாலும் கிண்டியில் உள்ள தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் வரும். அங்கீகாரம் இல்லாத இடத்தில் படித்தால் பதிவு எண் கிடைக்காது. பதிவு எண் இல்லாமல் நர்ஸாக வேலை பார்க்க முடியாது. ஒரிஜினல் சர்டிபிகேட்டைச் சீட் உறுதியாகும் முன் யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள்.

அடுத்த இன்டர்வியூ

முந்தின நாளே ஃபைலை அடுக்குங்கள்: மார்க் ஷீட், டி.சி., சாதிச் சான்றிதழ், ஆதார், போட்டோ, எல்லாவற்றுக்கும் இரண்டு நகல், மேலே ஒரு பேனா. கேட்ட தாளை உடனே எடுத்துக் கொடுக்கும் பிள்ளையைப் பார்க்கும்போதே பேனலுக்கு ஒரு நிம்மதி வரும். நகம் வெட்டியிருக்கட்டும், முடி கட்டியிருக்கட்டும், துணி கசங்காமல் இருக்கட்டும். புதுச் சுடிதார் தேவையில்லை. காலையில் இரண்டு இட்லியாவது சாப்பிடுங்கள்.

"இதுக்கு முன்னாடி எங்கயாவது இன்டர்வியூ போனியா?" என்று கேட்டால் ஆமாம் என்று சொல்லுங்கள். எங்கே, ஏன் கிடைக்கவில்லை என்று கேட்டால் அந்தக் கல்லூரியைக் குறை சொல்ல வேண்டாம். "பல்ஸ் பத்தி கேட்டாங்க மேடம், தெரியாம தப்பா சொல்லிட்டேன். அதுக்கப்புறம் வீட்டுல எல்லாருக்கும் எண்ணிப் பழகினேன்" என்று நான் என் இரண்டாவது இன்டர்வியூவில் சொன்னேன். அந்த மேடம் தன் கையை மேசை மேல் நீட்டினார். இரண்டு விரல் வைத்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, முழு நிமிடம் எண்ணினேன். எழுபத்தெட்டு.

காத்திருப்போர் பட்டியலில் பெயர் வந்தால் கலங்காதீர்கள். கலந்தாய்வில் இடம் கிடைத்த பிள்ளைகள் தனியார் கல்லூரியை விட்டுப் போவார்கள், இடம் காலியாகும், கல்லூரி வரிசையாகப் போன் போடும். எடுக்காவிட்டால் அடுத்த பெயருக்குப் போய்விடுவார்கள். விண்ணப்பத்தில் கொடுத்த எண்ணை மாற்றாதீர்கள், ரீசார்ஜ் முடியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அப்பாவின் எண்ணைக் கொடுத்திருந்தால், வேலை நேரத்திலும் தெரியாத நம்பர் வந்தால் எடுக்கச் சொல்லி வையுங்கள்.